பூட்டிய வீடும் பூட்டிய வட்டும்

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில், நகரத்தார் சங்கத்து இரும்பு அலமாரியிலிருந்து ஒரு குறுவட்டை எடுத்துத் தந்தார்கள். ஊர்ப் புள்ளிகளின், அதாவது மணமாகிக் கணக்கில் சேர்ந்த குடும்பங்களின், பட்டியல். "கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று" என்ற நிம்மதியில் பழைய ஏட்டைப் பரணில் போட்டுவிட்டார்களாம். வட்டு திறந்ததே பெரிய காரியம்; அதன் சாயப்படலம் வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் சிதையக்கூடியது. கோப்பில்தான் தமிழைக் காணோம். 'ராமன்' இருக்க வேண்டிய இடத்தில் யு, எச், கே, டி, ஓர் அரைப்புள்ளி!

அது பாமினி எழுத்துருவில் அடித்தது. ஆங்கில எழுத்தின் எண்ணுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிற ஏற்பாடு. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு; ஆகவே மாற்றினோம், மூலக் கோப்பையும் அப்படியே வைத்துக்கொண்டோம். மாற்றும்போது பிழை நேர்ந்திருந்தால் ஒப்பிட வேண்டுமே.

இதில் புதுமை ஒன்றுமில்லை. ஓலை செல்லரிக்குமுன் புது ஓலையில் பெயர்த்தெழுதிவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்கள் நாம். பெயர்த்தெழுத மறந்த சுவடிகள் போயின.

அமைப்புகளுக்கு மின்னணுக் கோப்புகளை நெடுங்காலம் அழியாமல் காக்கும் கொள்கை என்று ஒன்று வேண்டும் என்பது இதற்காகத்தான். எதை வைப்பது, எந்த வடிவில் வைப்பது, யார் பார்க்கலாம், செலவு யாருடையது என்று அதில் எழுதுவார்கள். என் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலானது, யார் எப்போது சரிபார்ப்பது என்பது.

சரிபார்ப்பு எப்படி நடக்கிறது? ஷா-256 என்ற கணக்குமுறை ஒரு கோப்பு முழுவதையும் படித்து 64 குறிகள் கொண்ட ஒரு முத்திரையைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டாலும் முத்திரை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) போட்டுப் பழகிய ஊருக்கு இதை விளக்குவது எளிது: ஒரு காசு கணக்கில் ஒத்துவராமல் இடித்தால் ஏட்டில் எங்கோ பிழை. ஆனால் முத்திரை பிழையைக் காட்டுமே தவிர, திருத்தாது. திருத்த நல்ல பிரதி வேண்டும். அதனால்தான் மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்பார்கள். தானாக ஒத்திசையும் இணையவழி மேகச் சேமிப்பை மட்டும் நம்பக்கூடாது. இங்கே கைதவறி அழித்தால் அங்கேயும் அழியும்.

வெளியூர் என்றதும் காரைக்குடியை அடுத்த கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூல் சேகரிப்பு நினைவுக்கு வரும். அவர் 1992-இல் மறைந்தபின் நூல்கள் சென்னைக்குப் போய், 1994-இல் ஆராய்ச்சி நூலகமாயின. இங்கேயே பூட்டிக் கிடந்திருந்தால்? ஆளில்லாத வளவு வீட்டில் ஓட்டுக்கூரை ஒழுகுவது முதல் மழையில் யாருக்கும் தெரிவதில்லை.

சங்கத்துக் கொள்கை இரண்டே பக்கம். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டில் முத்திரைகளை ஒப்பிட வேண்டும். அந்த ஆண்டின் காரியக்காரர் கையெழுத்திட வேண்டும். கடவுச்சொல் எழுதிய உறை, பெட்டகச் சாவியோடு சேர்ந்து அடுத்த முறைக்காரர் கைக்குப் போகும்.