ஒரே எழுத்தில் இரண்டு வாலிபால்: சுவர்க்கைப்பந்து

வாலிபால் என்றால் நமக்கெல்லாம் தெரியும். நடுவில் வலை, பக்கத்துக்கு ஆறு பேர், பந்து தரையைத் தொடக் கூடாது. அமெரிக்காவில் இதற்கு ஒரு தம்பி ஆட்டம் இருக்கிறது. நாலு பக்கமும் சுவர் உள்ள அறையில், பந்தைச் சுவரில் மோதவிட்டு ஆடுவார்கள். அதன் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள், அதுவும் வாலிபால் என்றுதான் வரும்!

ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள்: மூத்தது volleyball, இளையது wallyball. மூத்த ஆட்டத்தின் பெயர் மேற்பல் கீழுதட்டைத் தொடும் ஒலியில் தொடங்குகிறது, இளைய ஆட்டத்தின் பெயர் இரண்டு உதடும் குவியும் ஒலியில். நம்மிடம் இரண்டுக்கும் வகரம் ஒன்றுதான். பல சொற்களை ஒலிபெயர்த்தே நாம் சமாளித்துவிடுகிறோம். இங்கே அந்த வழி அடைபட்டுவிடுகிறது. எந்த வாலிபால் என்று வாசகர் கேட்டால் எழுத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. தமிழ்ப் பெயர் வைத்தே ஆக வேண்டிய சொல் இது.

மூத்ததன் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1895இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநர் வில்லியம் மார்கன் அதை உருவாக்கினார். முதலில் வைத்த பெயர் மின்டோனெட். அடுத்த ஆண்டு ஆட்டத்தைப் பார்த்த ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட், பந்து தரையைத் தொடாமல் வலைக்கு மேலே போய்வருவதைக் கவனித்து 'வாலி' என்ற சொல்லைச் சொன்னார். பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லின் வேர், பறத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை. ஆகவே வாலிபால் என்றால் பறக்கும் பந்து.

1979இல் கலிபோர்னியாவில் ஜோ கார்சியா என்பவர் இந்தப் பறக்கும் பந்தை, மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ராக்கெட்பால் ஆட்டத்தின் அறைக்குள் கொண்டுபோனார். நீளம் 40 அடி, அகலம் 20 அடி, உயரம் 20 அடி. குறுக்கே ஒரு வலையைக் கட்டினால் ஆட்டம் தயார். பெயரும் அப்படியே பிறந்தது: 'வாலி'யின் முதல் எழுத்தை மாற்றி அதற்குள் சுவரை நுழைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் சுவரைக் குறிக்கும் சொல்லுக்கும் வேர் லத்தீன்தான், கோட்டை அரணைக் குறித்த சொல். பறப்பதும் அசையாமல் நிற்பதும் ஒரே பெயரில் சேர்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ரீபவுண்ட் வாலிபால் என்றும் இதைச் சொல்வதுண்டு.

சுவர் இருப்பதால் எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். எதிரணிப் பக்கம் போகும் பந்து ஒரு பக்கச்சுவரில் பட்டுத் திரும்பலாம். யாரும் தொடுவதற்கு முன் இரண்டு சுவர்களில் அடுத்தடுத்துப் பட்டால் தவறு. கூரையில் பட்டாலும், எதிரணியின் பின்சுவரில் நேரே போய் மோதினாலும் தவறு. ஆனால் பந்தை ஒருமுறை தொட்டுவிட்ட அணி தன் பின்சுவரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மூன்று தொடுதலுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது மூத்த ஆட்டத்தில் இருப்பதுதான், சுவரில் படுவது அந்தக் கணக்கில் வராது. திறந்த களத்தில் வெளியே போய் முடிந்திருக்கும் பந்து இங்கே சுவரில் பட்டு மறுபடி கைக்கு வந்துவிடும். ஆட்டத்தின் உயிரே அதுதான். இடம் சிறியது என்பதால் அணிக்கு இருவர், மூவர், நால்வர் என்று ஆடுகிறார்கள். ஆறு பேர் நின்றால் நெரிசல்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சுவர்ப்பந்து' உடனே நாவில் வரும், ஆனால் அது ஏற்கெனவே ஸ்குவாஷுக்குப் போய்விட்டது. சுவரில் பட்டுத் தெறிப்பதால் 'தெறிபந்து' எனலாமா என்றும் யோசித்தேன். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் 'எறிபந்து' என்று வேறு ஆட்டம் இருக்கிறதே! ஓர் எழுத்தால் வந்த குழப்பத்தைத் தீர்க்கப் போய் இன்னோர் எழுத்தால் குழப்பம் உண்டாக்கக் கூடாது. அப்புறம், தெறிப்பது எல்லாப் பந்துக்கும் பொது. எந்த ஆட்டத்தின் கிளை இது என்பதையும் அந்தப் பெயர் சொல்லாது.

வாலிபாலுக்கு நம்மிடம் 'கைப்பந்து' ஊன்றிவிட்டது. அதன் முன்னே சுவரைச் சேர்த்தால் சுவர்க்கைப்பந்து. இடையில் ககர ஒற்று மிக வேண்டும். பெயரைப் படித்த உடனே, கைப்பந்துதான், ஆனால் சுவரோடு ஆடுவது என்று புரிந்துவிடுகிறது. பறத்தல் என்ற மூலப்பொருள் இதில் இல்லை, அது உண்மை. கைப்பந்து என்ற சொல்லிலேயே அது இல்லை, அதனால் யாருக்கும் குறையாகத் தோன்றியதுமில்லை. இலங்கைத் தமிழில் வாலிபாலைக் கரப்பந்து என்பார்கள். அங்கே இதே முறையில் சுவர்க்கரப்பந்து என்று எழுதினால் பொருந்திவிடும்.