ஊசி போட்ட மாட்டின் பாலும் சொசைட்டியின் பொறுப்பும்

கிராமத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு மடி நோய் அன்றாட விஷயம். ஊசி போட்டு, காம்புக்குள் ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றிவிட்டு, "மருந்து பாலில் இறங்கும், இந்தப் பாலைச் சொசைட்டிக்கு (பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு) ஊற்றாதீங்கம்மா" என்பேன். "எத்தனை நாளைக்கு சார்?" என்று உடனே கேட்பார்கள். அது மருந்தைப் பொறுத்தது. லேபிளில் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் குறைந்தது 7 நாள் என்று மருந்து விதிகள் சொல்கின்றன.

ஒரே மாடு வைத்திருப்பவருக்கு ஏழு நாள் பால் போனால் என்ன மிஞ்சும்? தீவனத்துக்கான பிடித்தமும் அந்தப் பால் பணத்தில்தான் போகிறது. அதனால் அன்று சாயங்காலமே அந்தப் பால் கேனுக்குப் போய்விடுவதும் உண்டு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொசைட்டியில் கொழுப்பும் மற்ற சத்தும்தான் பார்க்கிறார்கள். ஆன்டிபயாடிக் அந்தச் சோதனையில் தெரியாது. எல்லார் பாலோடும் கலந்து குளிரூட்டும் நிலையத்துக்குப் போய்விடும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை காய்ச்சினாலும் முழுதாக அழியாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவர் அந்தப் பாலைக் குடிக்க நேரலாம். கிருமிகளுக்கு மருந்து பழகிப்போவது அதைவிடப் பெரிய கவலை.

உலகக் கூட்டுறவு அமைப்பு 1995-இல் வகுத்த ஏழு கொள்கைகளில் கடைசியானது சமூகத்தின் மீதான அக்கறை. நம் ஊர்களில் அதைத் திருவிழா நன்கொடை, பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி என்று புரிந்துகொள்கிறோம். செய்யட்டும், நல்லதுதான். ஆனால் பால் சங்கத்தின் முதல் கடமை அது விற்கும் பாலில் இருக்கிறது. குடிக்கிற ஊருக்கு நல்ல பால் போக வேண்டும். அதற்கான நஷ்டத்தை ஒற்றை மாட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. சங்கம் என்று ஒன்று இருப்பதே நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளத்தானே?

சிகிச்சையில் இருக்கும் மாடுகளுக்குச் சொசைட்டியில் ஒரு நோட்டு போடலாம். மருத்துவரின் சீட்டைக் காட்டிப் பாலை நிறுத்தி வைப்பவருக்கு ஒரு பகுதித் தொகையாவது கொடுக்கலாம். லாபத்தில் எந்த நிதியிலிருந்து எடுக்க முடியும் என்பதைப் பால்வளத் துறைத் துணைப் பதிவாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கறக்கும் முன் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பார்க்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். திரி திரியாக வந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடலாம். சீக்கிரம் பார்த்தால் நோய் முற்றாது, மருந்தும் குறையும்.

உறுப்பினர் அல்லாதவர்களின் மாடுகளையும் விட்டுவிடாதீர்கள். கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் (புரூசெல்லோசிஸ்) அரசு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. கருச்சிதைவு நோய்க்கு 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே முறை போட்டால் போதும். அந்த நோய் மனிதர்களுக்கும் தொற்றும். விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுத்துப் போடுகிறவர்களுக்கும், பச்சைப் பால் குடிப்பவர்களுக்கும் ஆபத்து. தடுப்பூசி முகாம் நாளைப் பால் ஊற்ற வருபவர்களிடம் மட்டும் சொல்லாமல், தெருத்தெருவாகச் சொல்ல ஆள் அனுப்புங்கள். செலவு அதிகம் ஆகாது.

அடுத்த பொதுக்குழுவில் போனஸ் பேச்சு எப்படியும் வரும். அதற்கு முன்னால், நிறுத்தி வைக்கும் பாலுக்கான தொகையைத் தீர்மானமாக வைக்கச் சொல்லி ஒரு உறுப்பினராவது எழுந்து கேளுங்கள்.