ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் சுவரைப் பாருங்கள்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, ஜன்னலோரம் ஒழுகுகிறது என்று நான் போய்ப் பார்த்த ஐந்தாவது வீடு இது. வேலூர் சத்துவாச்சாரியில் புதிதாகக் கட்டியது. யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் கொப்புளித்து, ஓரமாகக் கிடந்த மெத்தை வரை ஈரம். வீட்டுக்காரர் ஜன்னல் கொடுத்தவரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு குவளை தண்ணீர் வாங்கி, ஜன்னலின் வெளித்திண்டில் ஊற்றினேன். தெருப்பக்கம் வழிய வேண்டிய தண்ணீர் ஃபிரேமுக்கு அடியில் புகுந்து அறைக்குள் கசிந்தது. திண்டின் வாட்டமே, அதாவது சரிவே, உள்நோக்கி! சுவர்த் திறப்பில் மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு குறுக்களவுக்கும் 22 மி.மீ. வித்தியாசம். ஃபிரேமுக்கும் சுவருக்கும் இடையே ஒரு மூலைச் சந்தில் என் விரல் நுழைந்தது.

மேஸ்திரியைக் கேட்டால், "ஃபோம் அடித்து சிலிக்கான் வைத்துவிட்டோமே, சார்" என்கிறார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஃபோம் என்னும் நுரை அந்தச் சந்துகளை நிரப்பும், மழையைத் தடுக்காது. மூடாமல் விட்டால் வேலூர் வெயிலில் மஞ்சளித்துப் பொடியாக உதிரும். சிலிக்கான் பசைக்கோ பிடிமானம் வேண்டும். பூசாத செங்கல்லிலும் சிமெண்டுத் தூசியிலும் அது ஒட்டாது. 5 முதல் 10 மி.மீ. சந்தில் நிற்கும். 25 மி.மீ. சந்தில் பிதுக்கி அடைத்தால் அடுத்த கோடையில் உரிந்துவரும். இதைவிடக் கொடுமை, ஃபிரேமின் வெளிப்பக்கம் கீழே உள்ள நீர் வடியும் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவது. ஜன்னல் கதவு ஓடும் தடத்தில் தேங்கும் மழைநீர் பிறகு எங்கே போகும்?

ஜன்னலுக்காகச் சுவரில் விட்ட திறப்பின் பக்கங்களைப் பூசி, 7 நாளாவது தண்ணீர் விட்டு, காய்ந்த பிறகே அளவெடுக்கச் சொல்லுங்கள். அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில். இருப்பதில் சிறியதுதான் கணக்கு. குறுக்களவு இரண்டும் ஒத்துவராவிட்டால் பூச்சைத் திருத்தச் சொல்லுங்கள். அடியில் கிரானைட் பலகை, வெளிப்பக்கம் வாட்டம், சுவரைத் தாண்டி ஓர் அங்குலம் நீட்டம், நீட்டத்தின் அடியில் ஒரு காடி (நீளவாக்கில் வெட்டிய பள்ளம்). காடி வெட்டாவிட்டால் தண்ணீர் கல்லின் அடிப்பக்கமாகவே ஓடிச் சுவரில் இறங்கும். சன்ஷேடு இருக்கிறதே என்பார்கள். புயல் காற்றோடு சாய்ந்தடிக்கும் கார்த்திகை மழைக்கு அது போதாது.

பால்கனிக் கதவென்றால், வெளித்தளம் அறைத்தளத்தைவிட இரண்டு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை.

தயவுசெய்து, ஃபிரேம் வந்து இறங்கும் முன்பே அந்த ஒரு குவளைத் தண்ணீரை நீங்களே ஊற்றிப் பாருங்கள். சத்துவாச்சாரி வீட்டில் இப்போது நான்கு ஜன்னல்களையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறோம். மழை விட்டால்தான் பூச முடியும்.