சாப்ஸ்டிக்: வெட்டாத குச்சி

சைனீஸ் ஹோட்டலில் நூடுல்ஸ் கேட்டால் சில இடங்களில் காகித உறைக்குள் இரண்டு குச்சிகளும் வரும். அதை எடுப்பதா, முள்கரண்டியே போதுமா என்பது அவரவர் விரல்களின் சாமர்த்தியம். நம் வேலை அந்தச் சொல்லோடுதான். சாப்ஸ்டிக்கில் உள்ள 'சாப்' என்ன?

வெட்டுவது, நறுக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். மட்டன் சாப்ஸ் தின்று பழகிய வாய் வேறு எப்படி நினைக்கும்? ஆனால் இந்தக் குச்சி எதையும் வெட்டுவதில்லை. சீனச் சமையலில் இறைச்சியும் காயும் பெரும்பாலும் அடுப்பில் ஏறும் முன்பே வாய்க்கு அடங்கும் துண்டுகளாகிவிடும். கத்திக்குச் சமையலறையோடு வேலை முடிந்தது. மேற்கத்திய மேசையில் இறைச்சி பெரிய துண்டாக வருவதால், அழுத்திப் பிடிக்க முள்கரண்டி ஒரு கையில், அறுக்கக் கத்தி மறு கையில்.

இந்தச் 'சாப்' வேறு. சீனத் துறைமுகங்களில் புழங்கிய கலப்பு ஆங்கிலத்தில் அதற்கு 'சீக்கிரம்' என்று பொருள். 'சாப் சாப்' என்றால் சட்டுப்புட்டென்று ஆகட்டும் என்பது போல. ஆங்கில மாலுமிகள் இக்குச்சிகளை இப்படி அழைத்ததாக, 1699இல் வெளிவந்த, ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியரின் பயண நூல் சொல்கிறது.

குச்சிக்கும் சீக்கிரத்துக்கும் என்ன தொடர்பு? சீனப் பெயரைப் பார்த்தால் தெரியும்: குவாய்ட்சு. 'குவாய்' என்றால் வேகம். அதற்கு முன்பிருந்த பெயர் 'ஜூ'. 'நின்றுபோ' என்பதற்கான சொல்லும் அதே ஒலிதான். படகில் போகிறவன் காதில் அது விழலாமா? அதனால் சீனாவின் சூச்சோ வட்டாரப் படகோட்டிகள் அதைத் தவிர்த்து, வேகம் என்று மாற்றிச் சொன்னார்கள் என்று மிங் அரச வம்சக் காலத்து எழுத்தாளர் லூ ரோங் குறித்திருக்கிறார். பிறகு 'குவாய்' என்ற சீன எழுத்தின் தலையில் மூங்கிலைக் காட்டும் குறியும் ஏறியது. தென்சீன மொழிகளில் ஒன்றான ஹொக்கியன் பேசுவோர் இன்றும் பழைய சொல்லையே தங்கள் உச்சரிப்பில் வைத்திருக்கிறார்கள். ஜப்பானியர் அதே பழைய எழுத்தை எழுதி 'ஹாஷி' என்று வாசிக்கிறார்கள்.

நமக்கு இது புதிதல்ல. சுடுகாட்டை நன்காடு என்றும் செத்தாரைத் துஞ்சினார் என்றும் சொல்வதற்கு நம் இலக்கணத்தில் 'மங்கலம்' என்று பெயரே உண்டு. விளக்கை அணைக்கச் சொல்லாமல் 'குளிர வை' என்கிற பாட்டிக்குப் படகோட்டியின் பயம் உடனே புரியும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'வேகக்குச்சி' என்றால் யாருக்கும் புரியாது. அந்தப் பயம் அவர்களுடையது. 'சாப்பாட்டுக் குச்சி' புரியும், ஆனால் பல்குச்சியின் பங்காளி மாதிரி ஒலிக்கிறது. அதோடு, குச்சி என்றால் காரியம் முடிந்ததும் எறிகிற பொருள் என்ற நினைப்பு நமக்கு. சீன வீடுகளில் கழுவிக் கழுவிப் புழங்குகிறார்கள். கொரியாவில் உலோகத்திலேயே செய்கிறார்கள். என் ஓட்டு 'உண்கோல்' என்பதற்கு. உண்கலம் போல வினைத்தொகை, நடுவில் 'க்' மிகாது. கோல் என்றதும் நீளத் தடி நினைவுக்கு வருகிறதே என்பவர்கள் எழுதுகோலை எடுத்துப் பார்க்கலாம். உண்கோல் அதைவிட நீளம்தான். இரண்டு சேர்ந்தால் ஓர் இணை உண்கோல்.

எழுத்தில் இப்படி. ஹோட்டலில் சர்வரிடம் சாப்ஸ்டிக் என்றே கேளுங்கள், இல்லாவிட்டால் கரண்டிதான் வரும்.