இணையம் எந்த இடத்தில் அறுந்தது?

பேசிக்கொண்டிருந்தவரின் முகம் திரையில் அப்படியே உறைந்துபோகிறது. அடுத்த நொடியே நம் கை பிளக்கைத் தேடிப் போகிறது. பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது என்பதும் உண்மைதான். ஆனாலும் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று விடாப்பிடியாகச் சொல்வேன். பழுது நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெட்டிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் நம் கையில் உள்ள சாட்சி. பல ரவுட்டர்களின் நிகழ்வுப் பதிவு மின்சாரம் நின்றதுமே அழிந்துவிடும். எந்த விளக்கு அணைந்திருந்தது, எது சிமிட்டியது என்பதையும் பார்க்காமல் விட்டிருந்தால், நாளை இதே பழுது திரும்ப வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கேபிள் இணைய வீட்டில் இரண்டு கருவிகள் உண்டு. சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், ஆனால் வேலை வேறு வேறு. மோடம் தெருவில் வரும் கேபிளோடு பேசுகிறது. கேபிளில் ஓடும் ரேடியோ அலைகளிலிருந்து தகவலைப் பிரித்தெடுப்பதும், நம் தகவலை அலைகளில் ஏற்றி அனுப்புவதும் அதன் வேலை. ரவுட்டர் வீட்டுக்குள் இருக்கும் போன்களுக்கும் கணினிகளுக்கும் முகவரி கொடுத்து, அவை எல்லாம் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ள வழி செய்கிறது. போனில் வைஃபை குறி முழுதாகத் தெரிந்தால், போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே சிக்னல் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். ரவுட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அந்தக் குறிக்குத் தெரியாது. இணையம் போனதும் பலர் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவதும் ரவுட்டரை வேறு அறைக்குத் தூக்கிச் செல்வதும் இந்தக் குழப்பத்தால்தான்.

ஆகவே முதல் கேள்வி: எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது? ஒரு கணினியை ரவுட்டரில் ஒயரால் இணைத்துப் பாருங்கள். ஒயரில் இணையம் வந்து வைஃபையில் வராவிட்டால் கேபிளையும் மோடத்தையும் மறந்துவிடலாம். ஒயரிலும் வராவிட்டால் ரவுட்டரை விலக்கிவிட்டுக் கணினியை நேரே மோடத்தில் இணைக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தொடங்கும்போது தன்னோடு இணைந்திருக்கும் கருவியின் வன்பொருள் முகவரியை மோடம் மனதில் பதித்துக்கொள்கிறது. பின்னர் வேறு கருவியைச் செருகினால் பல இணைப்புகளில் அதை ஏற்க மறுத்துவிடும். கருவியை மாற்றியதும் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். இது தெரியாததால் நல்ல நிலையில் இருந்த புதிய ரவுட்டர்களைப் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய.

நேரே இணைத்தும் பயனில்லை என்றால் மோடத்தின் விளக்குகளைக் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அவை ஏன் ஒன்றன்பின் ஒன்றாக எரிகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

மின்சாரம் வந்ததும் மோடத்துக்கு ஒன்றுமே தெரியாது. கேபிளில் எந்த அதிர்வெண்ணில் தனக்கான சிக்னல் வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறது. அமெரிக்க முறையில் ஒவ்வொரு சேனலும் 6 மெகாஹெர்ட்ஸ் அகலம், ஐரோப்பிய முறையில் 8. பூட்டிக்கொள்ள ஒரு சேனல் கிடைக்கும்வரை பதிவிறக்க விளக்கு சிமிட்டும். கிடைத்ததும் அங்கே ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கும் அறிவிப்புகளைக் கேட்டு, தான் எந்த அதிர்வெண்ணில் பேச வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. பிறகு குரல் கொடுக்கிறது, முதலில் மெல்ல. பதில் வராவிட்டால் இன்னும் சற்று உரக்க. மறுமுனையில் இணையம் தரும் நிறுவனத்தின் கருவி அதைக் கேட்டதும், குரலை இவ்வளவு ஏற்று, இவ்வளவு நுண்நொடி முன்னால் பேசு என்று திருத்தம் சொல்கிறது. அந்த நேரத் திருத்தம் எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. ஒரே கேபிளில் பல வீட்டு மோடங்கள் முறை வைத்துப் பேசுகின்றன. பக்கத்து வீட்டு மோடமும் தெருக்கோடி மோடமும் தூரத்தில் வேறுபட்டாலும், ஒவ்வொன்றின் பேச்சும் தனக்கென ஒதுக்கப்பட்ட இடைவெளிக்குள் சரியாக வந்து விழ வேண்டும். பதிவேற்ற விளக்கு சிமிட்டுவது இந்தப் பேரம் நடக்கும்போதுதான். அது முடிந்ததும் மோடம் தனக்கு ஒரு முகவரி வாங்குகிறது, அமைப்புக் கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்கிறது, பதிவு செய்துகொள்கிறது. ஆன்லைன் விளக்கு நிலைத்து எரிகிறது. இந்த நடைமுறைக்கு டாக்சிஸ் என்று பெயர். 1997ஆம் ஆண்டு வந்த முதல் பதிப்பிலிருந்து இன்றுவரை அடிப்படை வரிசை மாறவில்லை.

பதிவிறக்க விளக்கே நிலைக்கவில்லை என்றால் கேபிளில் சிக்னல் வரவில்லை, அல்லது மிகவும் பலவீனமாக வருகிறது. பதிவேற்ற விளக்கில் வந்து திணறினால், மோடத்துக்குக் காது கேட்கிறது, ஆனால் அதன் குரல் மறுமுனையை எட்டவில்லை. ஆன்லைன் விளக்கு மட்டும் வராவிட்டால் கேபிளில் குறையில்லை. கணக்கிலோ பதிவிலோ சிக்கல் இருக்கலாம், நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

விளக்குகளைவிட நுணுக்கமான சாட்சி மோடத்துக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான கேபிள் மோடங்களில் 192.168.100.1 என்ற முகவரியை உலாவியில் தட்டினால் ஓர் எளிய பக்கம் திறக்கும். அங்கே கீழிறங்கும் சிக்னலின், அதாவது வீட்டுக்கு வரும் சிக்னலின் அளவு டெசிபல் மில்லிவோல்ட் என்ற அலகில் இருக்கும். பூச்சியம் என்று பார்த்துப் பதற வேண்டாம், அதுதான் குறிக்கோள். பூச்சியம் என்றால் ஒரு மில்லிவோல்ட். -15 முதல் +15 வரை மோடம் தாங்கும் என்பது விதி, ஆனால் -7க்கும் +7க்கும் இடையே இருந்தால்தான் நிம்மதி. மோடம் அனுப்பும், அதாவது மேலேறும் சிக்னலின் கணக்கு வேறு. அங்கே எண் பெரிதாக இருப்பது நல்ல செய்தி அன்று. 40 என்றால் 100 மில்லிவோல்ட். 50ஐ நெருங்கினால் வழியில் எங்கோ இழப்பு அதிகம், அதை ஈடுகட்ட மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது என்று பொருள். அதற்கு மேல் கத்த அதற்குத் தெம்பில்லை. இன்னும் கொஞ்சம் இழப்பு கூடினாலும் தொடர்பு அறுந்துவிடும்.

இழப்புக்குப் பல வீடுகளில் காரணம் ஸ்ப்ளிட்டர். ஒரு கேபிளை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் பாதி ஆற்றல்தான் போகும். கருவியின் சொந்த இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 3.5 டெசிபல். தொலைக்காட்சிக்கு என்று எப்போதோ போட்ட இரண்டு ஸ்ப்ளிட்டர்கள் வரிசையாக இருந்தால் 7 டெசிபல் போய்விடும். அவற்றைக் கழற்றிவிட்டு நேரடிக் கேபிளில் மோடத்தை இணைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை கிடையாது.

பிறகு இணைப்பான். மோடத்தின் பின்னால் திருகியிருக்கும் அந்தச் சிறு உலோக முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவே ஒற்றைக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி வெள்ளைக் காப்புப் பொருள், அதைச் சுற்றிப் பின்னிய உலோக வலை. கம்பி நேராக, விளிம்பைத் தாண்டி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு, பளிச்சென்று இருக்க வேண்டும். அண்மையில் நான் கழற்றிப் பார்த்த ஒன்றில் அது சற்று வளைந்து, நுனியில் களிம்பு பிடித்திருந்தது. வலையின் மயிரிழை ஒன்று மடங்கி வந்து நடுக்கம்பியை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் இணையம் வந்து வந்து போனதற்குக் காரணம் அந்த ஓர் இழைதான். முனையை வெட்டிப் புதிதாகப் போட்டதும் மேலேறும் எண் 51லிருந்து 43க்கு இறங்கியது.

இணைப்பான் தளர்ந்திருப்பதால் நம் வீட்டுக்கு மட்டும் கேடில்லை. மேலேறும் சிக்னல் ஓடுவது தாழ்ந்த அதிர்வெண்களில், அமெரிக்க முறையில் வழக்கமாக 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை. சிற்றலை வானொலியும் மோட்டார்களின் தீப்பொறி இரைச்சலும் நிறைந்திருக்கும் இடம் அது. இறுக்கமில்லாத முனை வழியாக அந்த இரைச்சல் கேபிளுக்குள் நுழைந்து நிறுவனத்தின் கருவியை நோக்கிப் பயணிக்கிறது. அந்தப் பகுதியின் எல்லா வீட்டுக் கேபிள்களும் சேருமிடம் ஒன்றே என்பதால், எல்லா வீட்டு இரைச்சலும் அங்கே ஒன்றாகக் கொட்டுகிறது. ஒரு வீட்டின் பழுதால் தெருவே திணறுவது இப்படித்தான். கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரால் லேசாக ஒரு திருப்பு, பயன்படாத ஸ்ப்ளிட்டர் வாய்க்கு 75 ஓம் மூடி: இந்த இரண்டையும் செய்பவர் தெருவுக்கே உதவுகிறார்.

மோடத்தின் அந்த 192.168.100.1 பக்கத்தில் நிகழ்வுப் பதிவும் இருக்கும். அதில் டி3 என்ற பிழை திரும்பத் திரும்ப வந்தால், மோடம் அழைத்தும் மறுமுனையிலிருந்து பதில் வரவில்லை என்று அர்த்தம். 16 முறை தொடர்ந்து பதில் கிடைக்காவிட்டால் மோடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தேடத் தொடங்கும். நம் கண்ணுக்கு இணையம் சில நிமிடம் போய் வந்ததாகத் தெரிவது அதுதான். திருத்த முடியாத பிழைகள் என்றொரு எண்ணிக்கையும் இருக்கும். அது ஒருமுறை ஏறி நின்றிருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

மோடத்தில் குறை தெரியாவிட்டால் ரவுட்டர் பக்கம் வரலாம். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். ரவுட்டருக்கே வெளிமுகவரியாக 192.168.100 என்று தொடங்கும் எண் வந்திருந்தால், மோடம் இன்னும் ஆன்லைனுக்குப் போகாத நேரத்தில் தற்காலிகமாகக் கொடுத்த முகவரி அது. மோடத்தை முதலில் போட்டு, விளக்குகள் நிலைத்த பிறகே ரவுட்டரைப் போட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஊசியால் அழுத்தும் சிறு துளைக்கு மட்டும் போய்விடாதீர்கள், அது எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும்.

இணையதளம் எதுவும் திறக்காதபோது கூகுளின் பொது முகவரியான 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் கட்டளை கொடுத்து, மறுமுனை பதில் சொல்கிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் படுத்துவிட்டது, ரவுட்டரில் வேறு டிஎன்எஸ் முகவரி கொடுத்தால் போதும். அந்தப் பெயரமைப்பைப் பால் மோக்கபெட்ரிஸ் முன்வைத்ததும் 1983இல், மைக் மூஸ் பிங் நிரலை எழுதியதும் 1983இல்.

வேகம் குறைவு என்ற புகாரில் ஓர் எண்ணைத் தேடுங்கள்: 94. கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்டியும் சோதனையில் எப்போதும் 94 மெகாபிட்டை ஒட்டியே நின்றால் ஈதர்நெட் ஒயரைச் சந்தேகிக்கலாம். அதற்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால் பெரும்பாலும் கருவிகள் தமக்குள் பேசி 100க்கு இறங்கிக்கொள்கின்றன. இணையம் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஒயரை மாற்றினால் அந்த நிமிடமே தீரும்.

மிகவும் சோதிப்பவை வந்து வந்து போகும் பழுதுகள். செம்பின் மின்தடை வெப்பத்தில் ஏறுகிறது, அதனால் வெளியே ஓடும் கேபிளின் இழப்பும் பகலில் கூடுகிறது. விளிம்பில் நின்றுகொண்டிருக்கும் இணைப்பு நடுப்பகலில் அறுந்து மாலையில் மீள்வதுண்டு. மழைக்குப் பின் மட்டும் கெட்டால் கேபிளுக்குள் எங்கோ நீர் புகுந்திருக்கிறது. தொழில்நுட்பர் வரும் நேரத்தில் எல்லாம் நன்றாக இருக்கும், அவரும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அறுந்த நேரம், அப்போது கீழிறங்கும் எண், மேலேறும் எண், எந்த விளக்கு சிமிட்டியது என்று தேதி போட்டுக் குறித்த ஒரு தாளை அவரிடம் நீட்டிப் பாருங்கள். அவர் மோடத்தை விட்டுவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே கம்பத்தை நோக்கிப் போவார்.