பாண்டி நம்பர் காரும் பாக்கி வரியும்

போன ஆடியில் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஒரு தம்பி வந்தார். பல்லடம் பக்கம் தறி வைத்திருக்கும் குடும்பம். வெளிநாட்டிலிருந்து இறக்கிய பழைய லேண்ட் குரூசர் ஒன்றை வாங்கியிருந்தார். இரண்டு கை மாறி வந்த வண்டி, பாண்டிச்சேரி நம்பர்.

"வண்டி கல்லாட்டம் இருக்குதுங்ண்ணா. வெலையும் ரொம்பக் கம்மி. புரோக்கரும் தெரிஞ்சவருதான்."

வண்டி கல் மாதிரி இருந்தது உண்மைதான். காகிதம்தான் மணல். ஆர்.சி. நகல் ஒன்று, பத்திரத்தாளில் நோட்டரி முத்திரை போட்ட ஒப்பந்தம், கையெழுத்து மட்டும் வாங்கி மற்றதெல்லாம் வெறுமையாக விட்ட படிவம் 29, 30 (பெயர் மாற்றத்துக்கானவை). இவ்வளவுதான். இதை வைத்தே பதினான்கு மாதம் ஓட்டியிருக்கிறார். அவிநாசி ரோட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் கை காட்டி நிறுத்திய பிறகுதான் என் நினைவு வந்திருக்கிறது.

வெளிமாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்திய பதிவெண் வாங்கியாக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 47. அப்போது தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸும், அதாவது ஆயுள் வரியும், கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு அது 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறையும். ஆனால் இறக்குமதி வண்டியின் விலைக்கு, குறைந்த தொகையே ஒரு நல்ல மாருதி வாங்கும் காசாக இருக்கும். புரோக்கர் சொன்ன 'கம்மி வெலை'யின் கணக்கு இதுதான். விற்றவர் கட்டாத வரியைக் கழித்துக்கொண்டு விலை சொல்லியிருக்கிறார். ஆடித் தள்ளுபடி என்று நினைத்து வாங்கியவர் தலையில் அது விடிந்தது.

"வித்தவருதானே கட்டோணும்?" என்று கேட்டார். வரித்துறை அப்படிப் பார்ப்பதில்லை. பதிவு உரிமையாளர் மட்டுமல்ல, வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரும் பொறுப்பு. ஒப்பந்தத்தில் 'பழைய பாக்கிக்கு விற்பவரே பொறுப்பு' என்று எழுதியிருந்தால், அதை வைத்து விற்றவர் மேல் பிறகு வழக்குப் போடலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது செல்லாது.

சரி, கட்டிவிடலாம் என்று இறங்கினால் அடுத்த சிக்கல். பாண்டிச்சேரியிலிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்க படிவம் 28 வேண்டும், அதில் பதிவு உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். ஆர்.சி.யில் இருந்த முகவரிக்கு ஆள் அனுப்பினோம். அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடக்கிறது. அந்தப் பெயரில் யாரும் குடியிருந்ததே இல்லையாம். வரி குறைவு என்பதற்காக முகவரி காட்டிப் பதிந்த வண்டிகளில் இதுவும் ஒன்று.

இறக்குமதி வண்டி என்றால் இதற்கும் அடியில் இன்னொரு கணக்கு உண்டு, சுங்க வரி. பழைய காரை இறக்குவதற்கே கட்டுப்பாடுகள் உண்டு. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட வண்டி ஆகாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்தியது, பூட்டான் வழியாக வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட சொகுசு வண்டிகளைத் தேடித்தான். வாளையார் தாண்டினால் நம்ம ஊர், தூரமில்லை. 2017 ஜூலைக்கு, அதாவது ஜி.எஸ்.டி.க்கு முன் வந்த வண்டியானால், மாநிலத்துக்குள் கொண்டுவரும்போது வாங்கிய நுழைவு வரி கட்டிய ரசீதையும் கேளுங்கள். அந்த வரியை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் பலர். இறக்குமதிப் பொருளுக்கும் நுழைவு வரி செல்லும் என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பின்னால் வாங்கியவரைக் காப்பாற்றும் தீர்ப்பும் இருக்கிறது. கொச்சி சுங்கத்துறை தொடர்பான போர்ஷே கார் வழக்கில், இறக்குமதி செய்யாதவரிடம் சுங்க வரி கேட்க முடியாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர் அந்தக் காரை வாங்கி ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருந்தது. அதுவரை வக்கீல் ஃபீஸ் எவ்வளவு போயிருக்கும் என்று, அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால், எனக்குத் தெரியும்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் நம்பரைப் போட்டு வரி, கடன், தடை மூன்றையும் பாருங்கள். சேஸிஸ் எண்ணை வண்டியில் படுத்துப் பார்த்து, சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அந்தக் காகிதம் "வீட்ல இருக்குது, அப்புறம் தர்றேன்" என்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆர்.சி.யில் இருப்பவரை நேரில் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்கவே வேண்டாம். என்.ஓ.சி. கைக்கு வரும்வரை ஒரு பெரிய தொகையை நிறுத்தி வையுங்கள், புரோக்கர் மூஞ்சி சுளித்தாலும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாறாத வண்டி விபத்தானால், நஷ்ட ஈட்டுக்கு ஆர்.சி.யில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவியைக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடியவில்லை.

தம்பியின் லேண்ட் குரூசர் இப்போது தறிக் குடோனில் தார்பாய்க்குள் நிற்கிறது. புரோக்கர் மேல் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது. போன வாரம் கையெழுத்துப் போட வந்தவர் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார். "இதுக்கு டாக்ஸெல்லாம் கட்டியாச்சுங்ண்ணா" என்றார், நான் கேட்காமலே.