டர்பைன் காரை யாரும் சதி செய்து கொல்லவில்லை

கேஸ் டர்பைன் (எரியும் வாயு தள்ளச் சுழலும் எஞ்சின்) பராமரிப்பில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். "சார், எந்த எண்ணெய் ஊற்றினாலும் ஓடும் டர்பைன் காரை அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி செய்ததாம், பெட்ரோல் கம்பெனிகள் மிரட்டி எல்லாவற்றையும் நொறுக்க வைத்துவிட்டனவாம், உண்மையா?" இதுவரை பொறுமையாகப் பதில் சொல்லி வந்தேன். போன வாரம் ஒரு மாணவர் இதையே சொல்லும் ஒரு வீடியோவை அனுப்பி, காயலான் கடையில் பழைய லாரி டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) வாங்கிவிட்டதாகவும், விடுதிக்குப் பின்னால் வைத்து டர்பைனாக ஓட்டப் போவதாகவும் சொன்னார். இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். முன்மாதிரிகளையும் சேர்த்து கிரைஸ்லர் செய்த அந்த டர்பைன் கார்கள் 55. பாடி இத்தாலியின் டூரின் நகரில், கியா (Ghia) என்ற கார் பாடிப் பட்டறையில் தயாரானது. 1963 கடைசியிலிருந்து 1966 தொடக்கம் வரை 203 குடும்பங்களுக்கு, ஆளுக்கு மூன்று மாதம் ஓட்டக் கொடுத்தார்கள். மொத்தம் 10 லட்சம் மைலுக்கு மேல் ஓடின. அப்புறம் 46 வண்டிகளை அழித்தார்கள், மிஞ்சியது 9. இத்தாலியிலிருந்து வந்த பாடிகளுக்கான இறக்குமதி வரியைத் தவிர்க்கத்தான் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். உதிரிபாகம் கிடைக்காத சோதனை வண்டிகளை விற்காமல் அழிப்பது கார் கம்பெனிகளின் வழக்கமும்கூட. அவை போனதில் எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் "எதிலும் ஓடும்" என்றால் "செலவில்லாமல் ஓடும்" என்று யார் சொன்னது? டீசல், மண்ணெண்ணெய், தாவர எண்ணெய் எல்லாவற்றிலும் ஓடியது உண்மை. மெக்சிகோ அதிபர் டெக்கீலா ஊற்றி ஓட்டிய கதையும் உண்டு. எதை ஊற்றினாலும் அதை நிறையக் குடித்தது என்பதை மட்டும் எந்த வீடியோவும் சொல்வதில்லை. அந்த எஞ்சின் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் சுற்றியது, முழு வேகத்தில் 44,500. டர்பைன் தரும் சக்தியில் பெரும் பங்கை காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் அதன் கம்ப்ரசரே எடுத்துக்கொள்கிறது. சிக்னலில் நிற்கும் காரிலும் அந்தக் கம்ப்ரசர் சுற்றியாக வேண்டும். மின் நிலையத்தில் ஒரே லோடில் நாள் கணக்கில் ஓடும்போது டர்பைன் அருமையான இயந்திரம். கடைத்தெருவுக்குப் போய்வரும் காருக்கு அது தோதுப்படாது. போதாக்குறைக்கு, அன்று அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் சாதாரணமாகக் கிடைத்த ஈயம் கலந்த பெட்ரோல்தான் அதற்கு ஆகாத எரிபொருள்!

எரிபொருள் செலவைப் பெரிதாகப் பார்க்காத இடத்தில் டர்பைன் இன்றும் ஓடுகிறது: கிரைஸ்லரின் ராணுவப் பிரிவு வடிவமைத்த எம்1 ஏப்ரம்ஸ் டாங்கியில் இருப்பது டர்பைன்தான். சதிதான் காரணம் என்றால், 1970களில் அமெரிக்க அரசே பணம் கொடுத்து இதே கிரைஸ்லரை கார் டர்பைன் ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னது ஏன்? அதிலும் எரிபொருள் சிக்கனமும் புகைக் கட்டுப்பாடும் கடைசிவரை கழுத்தைப் பிடித்தன. பிரிட்டனின் ரோவர் 1950இலேயே ஜெட்1 என்ற டர்பைன் காரை ஓட்டிக் காட்டியது. அதுவும் விற்பனைக்கு வரவில்லை, இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே, "தேங்காய் எண்ணெயில் ஓடும் டர்பைன் கார், முதலீடு செய்யுங்கள்" என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். மெதுவாக ஓடும்போது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். பதில் வராது.

மாணவர்களே, உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. தயவுசெய்து கேளுங்கள். காயலான் கடை டர்போவின் சக்கரத்தில் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. டர்பைனாகச் சுற்றும் வேகத்தில் உடைந்தால் உறையைக் கிழித்துக்கொண்டு துண்டுகள் பறக்கும். சக்கரம் சுற்றும் தளத்துக்கு நேரே ஒருவரும் நிற்கக்கூடாது, வேடிக்கை பார்க்கும் நண்பர்களும்தான். எண்ணெய் அழுத்தம் வராமல் சுற்றவிடாதீர்கள். ஒருமுறை பற்றாமல் போனால் உள்ளே தேங்கிய கேஸைக் காற்று விட்டு முழுக்க வெளியேற்றாமல் மறுபடி நெருப்பு வைக்காதீர்கள். கேஸ் சிலிண்டரைப் பக்கத்தில் வைப்பது, அறைக்குள் ஓட்டுவது, இரண்டும் கூடவே கூடாது. வழிகாட்டும் பேராசிரியர்களே, கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பாதுகாப்புத் தடுப்புச் சுவர் இல்லையென்றால் அனுமதி தராதீர்கள்.